படித்துவிட்டுத்தான் நகல்

முதல்முதலில் அவரிடம் நான் மாட்டிக்கொண்டது ஒரு மஞ்சள் காமாலை விஷயத்தில். காமாலை எனக்கு வரவே இல்லை என்பதுதான் விஷயம். குடும்பத்தோடு கல்லாற்றில் குளித்து, பொன்முடி ஏறி, நான்கு நாள் வயிறு முட்டத் தின்று திரும்பியிருந்தேன். நான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. டாக்டர் சிநேகிதர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் சிரித்துக்கொண்டே காமாலைக்குச் சான்றிதழ் எழுதித் தந்தார். கம்பெனிக்கு அனுப்ப இரண்டு நகல் வேண்டும் என்று காலனி முனையில் இருந்த போட்டோஸ்டாட் கடையில் நீட்டினேன்.

கடையில் இருந்தவர் இயந்திரத்தின் மூடியைத் திறக்கவில்லை. கறுப்புக் கயிறு கட்டிய கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். காகிதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். சுட்டுவிரலை வரிக்கு வரி நகர்த்திப் படிக்க ஆரம்பித்தார். அச்சடித்த டாக்டர் பெயரிலிருந்து கீழே இருந்த ரப்பர் முத்திரை வரைக்கும் படித்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"சாரே, மஞ்சக்காமாலை நாலு நாளில மாறாது. குறைஞ்சது ரெண்டு வாரம் வேணும். இல்லேன்னா வயித்துப்போக்குன்னு எழுதித் தரச் சொல்லுங்க. அதுக்கு நாலு நாள் போரும்."

மருந்து விற்றுப் பிழைக்கிறவனுக்கு நோய்க்கணக்கு சொல்லித் தருகிறார். வந்த கோபத்தில் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று சாயங்காலமே டாக்டரிடம் போய் அதை வயிற்றுப்போக்காக மாற்றி வாங்கியதும் உண்மைதான்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது கொண்டுபோய்க் கொடுப்பார்கள், அவர் படிப்பார், பிழை சொல்வார். காலனியில் மலையாளிகளுக்கு அவர் சேச்சி, எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு அக்கா. மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். ஒரு கொத்தனாரைக் கட்டிக்கொண்டு திருவனந்தபுரம் வந்தவர். பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை படித்தாராம். அதற்குமேல் படித்ததெல்லாம் எங்களுடைய காகிதங்கள்.

படிக்காமல் நகல் எடுக்க மாட்டார். அதுதான் அவர் கடையின் முதல் சட்டம். அவசரம் அக்கா, பஸ் போய்விடும் என்று எத்தனை பேர் கெஞ்சியும் பார்த்துவிட்டோம். "மிஷினு ஒண்ணும் பாக்காம எடுக்கும். நானும் மிஷினா?" என்று கேட்டுவிட்டுப் படிப்பதைத் தொடர்வார். எங்காவது தப்பு இருந்தால் அந்த வரிக்கு நேராக ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். அழித்தால் அடையாளம் தெரியாத புள்ளி. திருத்த மாட்டார். புள்ளியைக் காட்டி, கொண்டுவந்தவரிடம் காரணத்தைச் சொல்வார். மாற்றினால் மாற்றலாம், இல்லாவிட்டால் அப்படியே நகல் தருவார்.

இரண்டாவது சட்டம் இதைவிடக் கடுமையானது. படித்ததைக் காகிதத்தின் சொந்தக்காரர் தவிர வேறு ஒருவரிடமும் சொல்ல மாட்டார். கட்டின கொத்தனாரிடம்கூடச் சொல்ல மாட்டார் என்று கொத்தனாரே எங்களிடம் குறைப்பட்டிருக்கிறார். காலனியில் யார் வீட்டுப் பத்திரத்தில் யாருக்குப் பங்கு, யார் பையன் எத்தனை பாடத்தில் தேறவில்லை, யார் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று எல்லாமே அந்த அம்மாளுக்குத் தெரியும். இரண்டு கடை தாண்டி இருந்த டீக்கடைக்கு ஒரு சொல் போனதில்லை. அந்த வரிசையில் மற்ற கடைகளில் வாய் ஓயாது. அதனால் இந்த மௌனம் எங்களுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

நான் சொல்லப்போகிற கதைகளும் அவர் வாயிலிருந்து வந்தவை அல்ல. சம்பந்தப்பட்டவர்களே பின்னால் சொல்லிச் சிரித்தவை. எங்கள் தெருவில் ஒருவர் மனைவியிடமிருந்து விவாகரத்து கேட்டு மனு எழுதிக்கொண்டு போனார். மனுவில் பத்தொன்பது குற்றச்சாட்டுகள். அக்கா முழுக்கப் படித்து, பதினொரு இடத்தில் புள்ளி வைத்தார்.

"இந்தப் பதினொண்ணும் அவங்களுக்க அம்மையப் பத்தினதாக்கும். அம்மைய டைவர்ஸ் செய்ய கோர்ட்டில வழி இல்ல சாரே."

மனுஷன் அங்கேயே சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு கோர்ட்டுக்குப் போக முடியாது என்று வீட்டுக்குத் திரும்பினார். அந்த மனு இன்னும் அவர் அலமாரியில் இருக்கிறது. மாமியார் இப்போது அவர்களோடுதான் இருக்கிறார்.

தையல்காரரின் மகள் ஒருமுறை காதல் கடிதத்தை நகல் எடுக்கக் கொண்டுபோனாள். கொடுக்கிற கடிதத்துக்கு ஒரு நகல் கையில் இருக்கட்டும் என்ற முன்யோசனை. அக்கா இரண்டு பக்கத்தையும் படித்தார். நன்றாக எழுதியிருக்கிறாய் என்று பாராட்டினார். புள்ளி எதுவும் வைக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "காப்பி எதுக்கு மக்களே? நம்பிக்கை இல்லாத ஆளுக்கு எதுக்கு எழுதுற?" அவள் நகலும் எடுக்கவில்லை, கடிதத்தையும் கொடுக்கவில்லை. பிறகு அவள் கட்டிக்கொண்டது வேறு பையனை. அவனுக்கு ஒரு வரி எழுத வேண்டிய அவசியம்கூட வரவில்லை என்று என் மனைவியிடம் சொன்னாளாம்.

எல்லோருக்கும் இது பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் பத்து வருடம் அந்தக் கடைப் படி ஏறாமல் இருந்தார். வலியசாலை அக்ரகாரத்தில் பிறந்து, செக்ரட்டேரியட்டில் கோப்பு எழுதி ஓய்வு பெற்று, எங்கள் காலனியில் வீடு கட்டியவர். "என் கடுதாசிய அந்தப் பொம்மனாட்டி எதுக்கு ஓய் வாசிக்கணும்? முப்பது வருஷம் நோட்டு எழுதினவன் நான்" என்று ஜங்ஷனில் இருக்கிற வேறு கடைக்கு நடப்பார். அங்கே யாரும் எதையும் படிக்க மாட்டார்கள். ஒருநாள் அவருடைய பென்ஷன் புத்தகத்தின் நகலில் பாதிப் பக்கங்கள் தலைகீழாக இருந்தன. அடுத்த வாரம் அக்கா கடையில் வரிசையில் நின்றார். நான் பார்க்காதது போலப் போய்விட்டேன்.

நான் அந்தச் சங்கத்துக்குச் செயலாளர். வாயால் பிழைக்கிறவன் என்பதால் என்னைப் பிடித்துப் போட்டார்கள். எனக்குப் பேசத்தான் தெரியும், நான்கு வரிக்கு மேல் படிக்கப் பொறுமை கிடையாது. அதனால்தான் அந்த நோட்டீஸ் வந்தபோது தலைவர் சத்தமாக வாசிக்க, நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அக்காவின் கடை இருந்த வரிசையில் ஆறு கடைகள். டீக்கடை, பலசரக்குக் கடை, தையற்கடை, போட்டோஸ்டாட், முடிதிருத்தகம், மொபைல் கடை. பின்னால் எண்பது சென்ட் வெறும் நிலம். ஆட்டோக்கள் நிற்கும், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும், பஸ் ஸ்டாப்புக்குப் போகிறவர்கள் குறுக்கே நடப்பார்கள். நகரத் திட்டத்தில் அது முழுக்க வணிக மண்டலம். சொந்தக்காரரின் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தபடியே ஒரு பில்டருக்கு விற்றுவிட்டார்கள். பில்டருக்குக் கடை வேண்டாம். கடைகளை இடித்து, நிலத்தைக் குடியிருப்பு மண்டலமாக மாற்றி, இருபத்திரண்டு வில்லாக்கள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டி, சுற்றிலும் மதிலும் முன்னால் கேட்டும் போட வேண்டும். ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுதித் தரலாம், அதன்பின் விசாரணை நடக்கும் என்று நோட்டீஸ் சொன்னது.

ஊரில் எல்லா இடத்திலும் வீட்டுக்கு நடுவே கடை வேண்டாம் என்றுதான் போராடுவார்கள். நாங்கள் கடை வேண்டும் என்று போராடக் கிளம்பினோம். கூட்டத்தில் ஆளாளுக்கு ஒரு கவலை. உப்பு வாங்க இனிமேல் ஜங்ஷனுக்குப் போகணுமா என்று பெண்கள் கேட்டார்கள். இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டிய சந்தில் இன்னும் இருபத்திரண்டு கார் எப்படிப் போகும் என்று ஒருவர். கேட்டைப் போட்டால் பஸ் ஸ்டாப்புக்குச் சுற்றிப் போக வேண்டும் என்று இன்னொருவர். வில்லா வந்தால் நம் காலனிக்கும் ஒரு மதிப்பு வருமே என்று மெல்ல ஆரம்பித்தவரை அவர் மனைவியே முறைத்து உட்காரவைத்தார்.

தலைவர் பதினொரு பக்கத்துக்கு ஆட்சேபம் எழுதினார். கடை, கார், குறுக்குவழி, கோயில் எழுந்தருளல், அந்த நிலத்து அரசமரத்தில் கூடு கட்டுகிற பறவைகள் என்று ஒன்றையும் விடவில்லை. ஒன்றைத் தவிர.

இதற்கிடையில் ஒருநாள் அக்கா கடையில் ஒரு காட்சி பார்த்தேன். பில்டர் கம்பெனிக்காக ஃபைல் சுமந்து திரிகிற ஆள், நாற்பது வயதிருக்கும், எப்போதும் வியர்த்த சட்டை, மேசைமேல் பெரிய வரைபடம் ஒன்றை விரித்துப் பிடித்திருந்தார். அக்கா குனிந்து அதில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோதும் அந்த ஆள் நின்றுகொண்டுதான் இருந்தார். அவர் போனபின் நான் போய், "என்னக்கா, என்ன பேப்பர் அது?" என்றேன்.

"காப்பி எடுக்க வந்தது சாரே."

"என்ன எழுதியிருந்துது?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "ஒங்களுக்கு எத்தன எண்ணம் எடுக்கணும்?" என்று கேட்டார். எனக்கு எடுக்க ஒன்றும் இல்லை. வந்துவிட்டேன்.

காலனியில் பேச்சு கிளம்பிவிட்டது. கடை போகப்போகிறது, அந்த அம்மாள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை, பில்டர் ஆளோடு அரைமணி நேரம் என்ன பேச்சு என்றார்கள். "வில்லா வாசல்ல ஒரு கடை தரேன்னு சொல்லியிருப்பா. வேறென்ன?" என்றார் தலைவர். நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் சந்தேகம் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சந்தேகத்தோடுதான் எங்கள் பதினொரு பக்கத்தையும் அவரிடம் கொண்டுபோனேன். அன்று மழை. கடையில் வேறு யாரும் இல்லை. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து படித்தார். பறவைகள் பக்கத்தில் சிரித்தார். கடைசிப் பக்கத்தின் அடியில், கையெழுத்துக்கு மேலே, ஒரு புள்ளி வைத்தார்.

"எல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஓடை எங்க சாரே?"

நான் தெருவைப் பார்த்தேன்.

அந்த ஓடையைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவின் மேல்முனையிலிருந்து மழைத்தண்ணீரை வாங்கிக்கொண்டு, வீடுகளின் முன்புறமாக வந்து, கடைகளுக்குப் பின்னால் திரும்பி, அந்த எண்பது சென்டின் நடுவே போய்க் கரமனை ஆற்றில் சேர்கிற பழைய ஓடை. மேலே ஸ்லாப் போட்டு மூடியது. நிலத்தில் புல் மூடிக் கிடந்தது. எங்கள் தெருவில் அதை மூடியவர்கள் நாங்கள்தான். கார் வாங்கிய ஒவ்வொருவரும் ஸ்லாபுக்கு மேல் தூண் நிறுத்திக் கார் நிற்க ஒரு போர்ட்டிகோ கட்டியிருந்தோம். எட்டு வீடு. தலைவர் வீட்டில் இரண்டு கார் நிற்கும் போர்ட்டிகோ. ஓடை என்று ஒரு வார்த்தை எழுதினால் அதிகாரிகள் ஓடையைத் தேடி வருவார்கள். வந்தால் முதலில் எங்கள் வாசலில்தான் நிற்பார்கள். கூட்டத்தில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தோம். காலனியின் ஐம்பத்தெட்டு வீடும் ஒன்றாக ஒத்துக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான்.

"அது வந்து, அக்கா..." என்று இழுத்தேன்.

"எனக்குத் தெரியாதா? ஒங்களுக்க போர்ட்டிகோவ எங்க கொத்தனார்தானே கெட்டினாரு. எட்டும் அவருதான் கெட்டினாரு." புள்ளியின் மேல் விரலை வைத்தார். "கடை போவும்னு எழுதியிருக்கிய. அது எனக்க சங்கடம். ஆபீசர் பாத்துட்டு அடுத்த பக்கம் போவாரு. தண்ணி போற வழிய அடைச்சா மேல உள்ள தெரு முழுக்க வீட்டுக்குள்ள தண்ணி ஏறும். அது எல்லாருக்க சங்கடம். அத எழுதாம மரத்தையும் கிளியையும் எழுதினா எப்படி நிக்கும்?"

"தலைவர் சம்மதிக்க மாட்டார் அக்கா."

"ஒங்க பேப்பரு. ஒங்க இஷ்டம்" என்று எழுந்து இயந்திரத்தைப் போட்டார். நான்கு செட் நகலைக் குத்திக் கொடுத்தார். புள்ளியை மட்டும் அழிக்கவில்லை. நான்கு நகலிலும் அது விழுந்திருந்தது.

விசாரணை நாளன்று நகரத் திட்ட அலுவலகத்தின் ஒரு ஹாலில் எல்லோரும் கூடினோம். முன் வரிசையில் நாங்கள், எதிரே பில்டரின் இன்ஜினியரும் அந்த ஃபைல் ஆளும், கடைசி பெஞ்சில் ஆறு கடைக்காரர்கள். அதிகாரி நடுவயதுப் பெண். தலைவர் பதினொரு பக்கத்தையும் வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் அதிகாரியின் பேனா நின்றுவிட்டது. பறவைகள் வந்தபோது அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்ஜினியர் எழுந்து வண்ணப் படத்தைக் காட்டி, கடைகளால் வருகிற இரைச்சலும் குப்பையும் இனி இருக்காது, அமைதியான குடியிருப்பு வரும், இந்தக் காலனிக்குத்தான் நன்மை என்று ஐந்து நிமிடத்தில் அழகாகச் சொல்லி முடித்தார். அதிகாரி தலையசைத்தார். எங்கள் காரியம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருத்தர் தலையாட்டுகிற விதத்தை வைத்தே மருந்து எழுதுவாரா மாட்டாரா என்று சொல்லிவிடுகிற தொழில் என்னுடையது.

என் கையில் நான்காம் நகல் இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

"வேறு யாருக்காவது சொல்ல வேண்டியது இருக்கிறதா?" என்று அதிகாரி கேட்டார்.

எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது.

"மேடம், அந்த நிலத்துக்கு நடுவே ஒரு ஓடை போகுது. எங்க தெருத் தண்ணி முழுக்க அது வழியாத்தான் ஆத்துக்குப் போகுது. அவங்க படத்தில அது இல்ல. எங்க மனுவிலயும் இல்ல." தலைவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் நிறுத்தவில்லை. "எங்க மனுவில ஏன் இல்லன்னா, அது மேல எனக்க போர்ட்டிகோ நிக்குது. நான் அத இடிச்சுத் தாறேன். ஓடைய மட்டும் மூட விடாதீங்க."

தலைவர் என் சட்டையை விட்டார். மூக்கைச் சொறிந்தார். பிறகு மெல்ல எழுந்து நின்றார்.

"என்னோடதும் நிக்கறது மேடம். ரெண்டு கார் போர்ட்டிகோ."

அவருக்குப் பின்னால் ஒருவர், அவர் பக்கத்தில் ஒருவர், கடைசியில் எட்டு வீட்டுக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகள் போல வரிசையாக எழுந்து நின்றோம். அதிகாரி ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. தன் சர்வீஸில் ஆக்கிரமித்தவர்கள் தாங்களே வந்து நின்று ஒப்புக்கொண்டு பார்த்ததில்லை என்றார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு பில்டரின் இன்ஜினியரிடம் கேட்டார், ஓடை இருக்கிறதா, இல்லையா என்று.

இன்ஜினியர், அப்படி ஒன்றும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை என்று ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த ஃபைல் ஆள் நெளிந்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, எழுந்துவிட்டார்.

"ஆ சேச்சி அன்னே பறஞ்ஞதா, மேடம்."

அந்த அக்கா அன்றைக்கே சொன்னார் என்றார். நகல் எடுக்கப் போனபோது படத்தை முழுக்கப் பார்த்துவிட்டு, ஒன்பதாம் வில்லாவிலிருந்து பதினான்காம் வில்லா வரைக்கும் விரலால் கோடு இழுத்துக் காட்டினாராம். இதுக்கு அடியில ஓடை உண்டு, இதில் குடியிருக்க வருகிற பாவப்பட்டவர்கள் ஐப்பசி மழைக்கு வாளியோடு நிற்பார்கள், படத்தைத் திருத்திக் கொண்டுவாருங்கள் என்றாராம். ஆறு இடத்தில் பென்சில் புள்ளியும் வைத்தாராம். இவர் ஆபீசில் போய்ச் சொன்னார். போட்டோஸ்டாட் கடையில் கேட்டுத்தான் வீடு கட்டணுமா என்று சிரித்து அனுப்பினார்கள். புள்ளிகள் இன்னும் இருக்கின்றன என்று அந்தப் பெரிய தாளை மேசையில் விரித்துக் காட்டினார். அதிகாரியின் பேனா வேகமாக எழுத ஆரம்பித்தது.

ஹாலே திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தது. அக்கா மடியில் கையைக் கோத்து உட்கார்ந்திருந்தார். தலைவருக்குத்தான் தாங்கவில்லை.

"ஏம்மா, ஒரு மாசம் முன்னாடியே அவா பிளானை வாசிச்சேளா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? உங்க கடையே போறதே."

"அது ஒங்க பேப்பர் இல்லியே சார்" என்றார் அக்கா.

கடை போகிறது என்று தெரியும். எதிராளியின் காகிதத்தில் ஓட்டை இருப்பதும் தெரியும். அதை எதிராளியிடமே சொல்லித் திருத்தச் சொல்லியிருக்கிறார். அவர்கள் திருத்தியிருந்தால் கடை போயிருக்கும். எங்களிடம் எங்கள் காகிதத்தில் இருக்கும் ஓட்டையை மட்டும் சொன்னார். என்ன பிறவி இது என்று எனக்குக் கோபமும் வந்தது, காலில் விழலாம் போலவும் இருந்தது. அந்த நிமிஷத்தில் திருவனந்தபுரத்திலேயே அவரை மாதிரி ஒரு ஆள் இல்லை என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

மண்டல மாற்றம் மறுக்கப்பட்டது. கடைகள் தப்பித்தன. எங்கள் எட்டுப் போர்ட்டிகோவையும் கொத்தனாரே வந்து இடித்தார். கட்டியபோது இருந்ததைவிட உற்சாகமாக இருந்தார், மூன்று நாளில் முடித்துவிட்டார். ஐப்பசி மழை கொட்டியபோது தண்ணீர் வாசலில் ஒரு நிமிஷம் நிற்காமல் ஓடியது. நாங்கள் குடை பிடித்துக்கொண்டு போய் அதை வேடிக்கை பார்த்தோம். தலைவர் காகிதக் கப்பல் விட்டதை நான் கண்ணால் பார்த்தேன். கார்கள் தெருவில் நனைந்தன. சில வருடம் கழித்து அக்கா மகளோடு இருக்க மார்த்தாண்டத்துக்கே போனார். கடையை இப்போது அவர் தம்பி மகள் நடத்துகிறாள். அவள் படிப்பதில்லை. நகல் சட்டென்று கிடைத்துவிடுகிறது. எங்களுக்கு அது பிடிக்கவில்லை.

உத்தரவு வந்த நாளைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதைச் சொன்னால்தான் அவரைச் சொன்னதாக ஆகும். மூன்று பக்க உத்தரவு. கையில் கிடைத்ததும் முதல் பக்கத்தில் 'மறுக்கப்படுகிறது' என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே அக்கா கடைக்கு ஓடினேன். டீக்கடைக்காரர் எல்லோருக்கும் டீ ஊற்றினார். தையல்காரர் மெஷினை விட்டு எழுந்து வந்தார். "அக்கா, ஜெயிச்சாச்சு. ஐம்பத்தெட்டு வீட்டுக்கும் காப்பி போடுங்க" என்றேன்.

அவர் கண்ணாடியை ஏற்றினார். நாங்கள் கையில் டீ கிளாஸோடு காத்துக்கொண்டிருந்தோம். முதல் பக்கம் முடித்தபோது சிரித்தார். இரண்டாம் பக்கத்தில் தலையாட்டினார். மூன்றாம் பக்கத்தில் ஓடையின் மேலிருந்து அகற்ற வேண்டிய கட்டடங்களின் பட்டியல் இருந்தது. அதைச் சத்தமாகவே வாசித்தார். எட்டு வீட்டு எண். எட்டுப் போர்ட்டிகோ. நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். ஒன்பதாவது வரியும் அதே குரலில் வந்தது.

"கடை எண் நாலு. பின்முறி முழுசும்."

நான்காம் கடை அதுதான். பின்முறி என்றால் பின்னறை, அவர் நின்றுகொண்டிருந்த இடம். இயந்திரம் இருந்ததும், காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்ததும், மத்தியானம் அவர் சோறு உண்டு அரைமணி நேரம் சாய்வதும் அந்த அறையில்தான். அது இல்லாவிட்டால் கடை என்பது ஆறடி முன்வாசல்.

டீ கிளாஸை மேசையில் வைத்தேன். "அக்கா, இது ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம பின்ன? ஓடைக்க மேலதானே கொத்தனார் கெட்டினாரு."

"பின்ன எதுக்கு அந்த ஆளுகிட்டயும் சொன்னிய, எங்ககிட்டயும் சொன்னிய?"

இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. சிரித்தார். கொத்தனார் கட்டியதில் ஒழுகுவது அந்த அறை ஒன்றுதான், போகட்டும் என்றார். கேட்டுக்கொண்டிருந்த தையல்காரரும் சிரித்துவிட்டார். என்னால் முடியவில்லை.

அக்கா மூன்றாம் பக்கத்தைக் கண்ணாடித் தட்டில் நேராக வைத்து மூடியை மூடினார்.

"ஐம்பத்தெட்டு போராது சாரே. ஆறு கடைக்கும் சேத்து எடுக்கேன். இது எங்களுக்க பேப்பருமாக்கும்."